வெள்ளியால் உப்பை அளந்த கதை

சற்று நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

கொஞ்ச நாளாக நம் ஊர்க் குழுமங்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பக்கற்று உப்பில் கெமிக்கல் கலக்கிறார்களாம், உப்பளத்தில் அள்ளியபடி வரும் கல்லுப்புத்தான் நூறு வீதம் தூய்மையாம். அதற்குப் பதிலாக வந்த இன்னொரு பதிவு, கல்லுப்பு அழுக்கு, பக்கற்று உப்பு 99 வீதம் சுத்தம் என்கிறது. இரண்டையும் கேட்டுவிட்டு "இதில எது சேர் சரி?" என்று கேட்டவர்கள் பலர். இரண்டு பக்கமும் தூய்மை என்ற ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது. உப்பின் தூய்மையை மனிதன் எப்படி அளக்கத் தொடங்கினான், யாருக்காக அளந்தான் என்று பார்த்தால்தான் இந்தச் சண்டை விளங்கும். அதனால் பதிலைப் பிறகு சொல்கிறோம், முதலில் கதை.

நம் மண்ணிலிருந்தே தொடங்கலாம். திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியால் வந்தால் முதலில் உப்புவெளி, பிறகு நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. உப்புவெளிக்கு அந்தப் பெயர் ஏன் என்று இங்கே பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. வாடைக் காலத்தில் மழை, அது முடிந்து கச்சான் வீசத் தொடங்கினால் நிலம் காய்ந்து வெடிக்கும். உப்பு விளைய வேண்டிய எல்லாம் இங்கே இருக்கிறது.

ஆனால் கடல்நீர் வற்றினால் வருவதெல்லாம் கறியுப்பு அல்ல. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் சோடியங்குளோரைட்டு, அதாவது நாம் சோற்றுக்குப் போடும் உப்பு, 27 கிராம் அளவுதான். மிச்சம் மகனீசியம் குளோரைட்டு, மகனீசியம் சல்பேற்று, கல்சியம் சல்பேற்று, கொஞ்சம் பொற்றாசியம். ஒரு வாளி கடல்நீரை அடுப்பில் வைத்து அடிவரை வற்றவைத்துப் பாருங்கள். கிடைப்பது நூற்றுக்கு எழுபத்தெட்டு அளவிலான உப்பு, நாக்கில் வைத்தால் கசக்கும்.

இந்தக் கசப்பைக் கழிப்பதுதான் உப்பளத் தொழிலே. முதல் பாத்தியில் சுண்ணாம்பு படியும். அடுத்த பாத்தியில் நீர் தடிக்கத் தடிக்க ஜிப்சம் படியும். கடைசிப் பாத்தியில்தான் கறியுப்பு பளிங்காகும். தொழிலில் இதைத் திரவமானியால் பார்ப்பார்கள். கடல்நீர் மூன்றரைப் பாகை போமே அளவில் உள்ளே வரும், ஏறத்தாழ 25 பாகையில் உப்பு விழத் தொடங்கும், 29, 30 பாகையைத் தொடும்போது மிஞ்சிய நீரை வெளியே திறந்துவிட வேண்டும். விடாமல் ஆசைப்பட்டு இருத்தினால் மகனீசியமும் சேர்ந்து விழும். இந்தப் 'பாகை'யை 1768 இல் வகுத்த பிரெஞ்சு மருந்தாளர் அந்துவான் போமே, நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்புக் கரைத்த நீரில் கருவி மிதக்கும் இடத்தைத்தான் 15 என்று குறித்தார். உப்பை அளக்கும் கருவியின் அளவுகோலே உப்பால் ஆனது.

உப்பளத்தில் காலம் கழித்த நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் திரவமானி எதுவும் இல்லாமலே, "நாக்குல வெச்சுப் பாருங்க மகன், கசந்தா இன்னும் தண்ணி வடியல்ல" என்பார். அவர் சொல்வது சரியான இரசாயனம். மகனீசியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தானாகவே நீராகும். அதனால்தான் புது உப்பைக் குவித்து மாதக்கணக்கில் விடுவார்கள். கசப்பு நீராகி அடியால் வடிந்துபோகும்.

இனி வரலாறு. உப்பின் தரத்தைப் பற்றி முந்தைய ஆட்சியாளர்கள் கேட்டது மிகக் குறைவு. அவர்களுக்கு உப்பு என்றால் எடையும் வரியும் பிடியும்தான். மலைநாட்டில் உப்பு விளையாது. எனவே கரையை வைத்திருப்பவன் கையில் கண்டி இராச்சியத்தின் கழுத்து இருந்தது. 1766 ஒப்பந்தத்தில் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோதும், கண்டியின் குடிகள் உப்புவாய்க்கால்களில் உப்பு எடுக்கும் உரிமை பேசப்பட்டது. இடைப்பட்ட பயணத்தைச் செய்தவர்களில் நம் முன்னோர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. தவளம் என்று சொல்லப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் மேலே போகும், பாக்கு கீழே வரும். கண்டி இராச்சியத்தில் முஸ்லிம்கள் வேரூன்றிய கதையில் இந்த மாடுகளின் குளம்படி முக்கியமானது. நம் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எங்கள் ஆதங்கம்.

ஆங்கிலேயர் வந்தார்கள், உப்பை அரசின் ஏகபோகமாக வைத்துக்கொண்டார்கள். கணக்கெல்லாம் அந்தர் கணக்கு. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப், பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர், அங்கே செய்த வேலையில் பெரும்பகுதி உப்புச் சேகரிப்பை மேற்பார்த்ததுதான். எடையை மட்டும் பார்க்கும் கணக்கில் ஓர் ஓட்டை உண்டு, கவனியுங்கள். மகனீசியம் கூடிய மட்டமான உப்பு ஈரம் இழுத்து எடை கூடும். நன்றாக வடிந்து காய்ந்த நல்ல உப்பு எடை குறையும். தராசு மட்டும் பேசினால் கெட்ட உப்புத்தான் வெல்லும்.

இலங்கை உப்பை ஓர் இரசாயனவியலாளரின் கண்ணால் பார்த்த முந்திய ஒருவர் ஜோன் டேவி. புகழ்பெற்ற ஹம்ப்ரி டேவியின் தம்பி. இராணுவ வைத்தியராக 1816 முதல் 1820 வரை இங்கே இருந்தார். அம்பாந்தோட்டைப் பக்கத்து உப்புக் களப்புகளை ஆராய்ந்தார், நம் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் எழுதினார். 1821 இல் வந்த அவருடைய இலங்கை நூல் இன்றும் வாசிக்கப்படுகிறது. அவர் காலத்தில் உப்பை அளக்க ஒரு வழிதான் நம்பகமாக இருந்தது. உப்புக்கரைசலில் வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்தால் தயிர்போல் வெண்மையாக வெள்ளிக் குளோரைட்டு வீழ்படிவாகும். அதை வடித்து, கழுவி, உலர்த்தி, நிறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு ஒரு நாள் போய்விடும்.

நாள் கணக்கை நிமிடக் கணக்காக்கியதுதான் நியமிப்பு. உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு அளவி, குழாயி, காட்டி எல்லாம் நினைவிருக்கும். படிக்காதவர்களுக்காக: செறிவு தெரிந்த ஒரு கரைசலைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே போய், நிறம் மாறும் கணத்தில் நிறுத்தி, எவ்வளவு செலவானது என்று பார்ப்பது. அவ்வளவுதான்.

இது பல்கலைக்கழகத்தில் பிறந்த முறை அல்ல. 1729 இல் பிரான்சில் கிளோட் ஜொசெப் ஜொஃப்ருவா காடியின் புளிப்பை அளக்க, நுரை நிற்கும்வரை சாம்பலுப்பைச் சேர்த்துப் பார்த்தார். 1756 இல் ஸ்கொட்லாந்து வைத்தியர் பிரான்சிஸ் ஹோம், துணி வெளுப்பவர்கள் வாங்கும் சாம்பலுப்பில் எது நல்லது என்று பார்க்க, அமிலத்தைத் தேக்கரண்டியால் விட்டு எத்தனை கரண்டி என்று எண்ணினார். தேக்கரண்டி! 1790களில் ரூஆன் நகரத்தில் டெக்ரோய்சீய் என்பவர் கோடிட்ட கண்ணாடிக் குழாய்களைக் கொண்டுவந்தார். எல்லாம் வண்ணான் துறைக்கும் சவர்க்காரக் கடைக்கும் நடந்தவை. விற்பவன் சாம்பலில் மணலும் சாதாரண உப்பும் கலந்துவிட்டானா என்ற சந்தேகம்தான் இந்த விஞ்ஞானத்தின் தாய்.

அந்தச் சாம்பலுப்புக்கு ஐரோப்பியர் வைத்திருக்கும் பெயர் அல்கலி. அது அரபியின் 'அல்-கலீ', செடிகளை எரித்த சாம்பல். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்பே, 925 அளவில் வபாத்தான அபூபக்கர் அர்-ராஸி தாதுப் பொருட்களை ஆறு வகையாகப் பிரித்தபோது உப்புகளுக்குத் தனி வகுப்பு ஒதுக்கினார். உப்பு ஒன்றல்ல, பல என்று நாம் இன்று பத்தாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்வதன் தொடக்கம் அங்கே இருக்கிறது. ராஸி நியமிப்புச் செய்தார் என்று யாரும் பகிர்ந்துவிட வேண்டாம். அவர் வகுத்தார், அளந்தவர்கள் பிறகு வந்தார்கள்.

பாரிஸ் நாணயசாலைக்கு வருவோம். வெள்ளி நாணயத்தில் எவ்வளவு வெள்ளி என்று அறிய உருக்கிப் பார்க்கும் பழைய முறை ஒன்று இருந்தது. அது உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டியது. அரசுக்கு நட்டம். கே-லுசாக் 1832 இல் ஒரு மாற்று வழியை வெளியிட்டார். நாணயத்தை அமிலத்தில் கரைத்து, அளந்த கறியுப்புக் கரைசலை விட்டுக்கொண்டே போனார். இனி வெண்மை கலங்கவில்லை என்றால் வெள்ளி முடிந்தது. ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவான பிழையில் விடை வந்தது. உலகத்தின் மிக மலிவான பொருளைக் கொண்டு அரசர்களின் உலோகத்தை அளந்தார்கள்! வெள்ளியின் தரத்துக்குப் பிரெஞ்சில் 'தீத்ர்' என்று பெயர். ஆங்கிலத்தில் 'டைட்ரேஷன்' என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் தரம்பார்த்தல் என்கின்றன, நாம் நியமிப்பு என்கிறோம். மூலச்சொல்லுக்கு அவர்களுடையதே கிட்ட இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைத் திருப்பிப் போட்டவர் கொப்லென்ஸ் நகரத்து மருந்துக்கடைக்காரர் கார்ல் பிரெட்றிக் மோர். உப்பால் வெள்ளியை அளக்கலாம் என்றால் வெள்ளியால் உப்பை அளக்கலாம். சிக்கல் எங்கே நிறுத்துவது என்பதுதான். வெள்ளைக் கலங்கலுக்குள் இன்னும் வெள்ளை விழுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மோர் 1850களின் நடுவில் கண்ட வழி, குடுவைக்குள் சில துளி பொற்றாசியம் குரோமேற்றை முன்கூட்டியே விடுவது. கரைசல் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். வெள்ளி குளோரைட்டுடன்தான் முதலில் சேரும். குளோரைட்டு தீர்ந்த பிறகு விழும் அடுத்த துளிதான் குரோமேற்றைப் பிடிக்கும். அப்போது செங்கல் நிறம் தோன்றி நிலைக்கும். நிறுத்துங்கள், வாசியுங்கள், எழுதுங்கள். மோர் 1855 இல் நியமிப்பு முறைகளுக்கென்றே எழுதிய பாடநூல் ஐரோப்பாவின் ஆய்வுகூடங்களில் பரவியது. உயர்தர மாணவர்கள் கையாளும் 'மோரின் உப்பு' அவர் பெயரால் வந்ததுதான்.

பிறகு இந்த முறை கடலையே அளந்தது. சலஞ்சர் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களில் அள்ளிய 77 மாதிரிகளை வில்லியம் டிட்மார் ஆராய்ந்து, எந்தக் கடலிலும் உப்புகளின் விகிதம் கிட்டத்தட்ட ஒன்றே என்று 1884 இல் காட்டினார். எனவே குளோரைட்டை மட்டும் வெள்ளியால் அளந்தால் மொத்த உப்புத்தன்மையும் தெரியும். 1901 இல் மார்ட்டின் குனூட்சன் அதற்கான அட்டவணைகளை வெளியிட்டார். மின்கடத்தும் திறனால் அளக்கும் கருவிகள் வரும்வரை கப்பல்களில் இதுதான் நடந்தது.

கரையில் அதே காலத்தில் உப்பு அரசியலானது. நமக்கு எதிர்க்கரையான வேதாரண்யத்துக்கு 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தார். அங்கே அள்ளிய உப்பை யாரும் நியமிக்கவில்லை, அள்ளினார்கள் என்பதுதான் குற்றம்.

இப்போது எண்கள். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள், இங்கேதான் நம் குரல்பதிவுச் சண்டைக்கான விடை இருக்கிறது.

உலர்த்திய உப்பில் சரியாக ஒரு கிராம் எடுத்து 250 மில்லிலீற்றர் நீரில் கரைக்கிறோம். அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்தால் உள்ளே 0.1 கிராம் உப்பு. லீற்றருக்கு 0.1 மூல் செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்றை அளவியில் எடுத்தால், ஒவ்வொரு மில்லிலீற்றரும் 5.844 மில்லிகிராம் சோடியங்குளோரைட்டுக்குச் சமன். முற்றிலும் தூய உப்பு என்றால் 17.1 மில்லிலீற்றரில் நிறம் மாற வேண்டும். உணவு உப்பில் உலர்ந்த எடைக்குக் குறைந்தது 97 வீதம் சோடியங்குளோரைட்டு இருக்க வேண்டும் என்பது சர்வதேச கோடெக்ஸ் நியமம். 97 வீதம் என்றால் 16.6 மில்லிலீற்றர். இரண்டுக்கும் இடையில் அரை மில்லிலீற்றர். அளவியிலிருந்து விழும் துளி ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் என்பதால், பத்துத் துளி. பூரண தூய்மைக்கும் 'இதற்குக் கீழே உணவுக்கு ஆகாது' என்ற எல்லைக்கும் நடுவில் பத்தே பத்துத் துளிதான். மாணவர்கள் அளவியின் கோட்டைக் கண்மட்டத்தில் வைத்து வாசிக்கவில்லை என்று நாங்கள் ஏன் கத்துகிறோம் என்று இப்போது பெற்றோர்களுக்கு விளங்கும்.

ஆனால் இந்த அழகான முறைக்குள் ஒரு பொறி இருக்கிறது. வெள்ளி குளோரைட்டைத்தான் பார்க்கும், அந்தக் குளோரைட்டு யாருடன் வந்தது என்று கேட்காது. சோடியத்துடன் வந்தாலும் மகனீசியத்துடன் வந்தாலும் அதற்கு ஒன்றுதான். மகனீசியம் குளோரைட்டு எடைக்கு எடை கூடுதல் குளோரைட்டைக் கொண்டது. அதன் ஒவ்வொரு கிராமும் மோர் முறையில் 1.23 கிராம் கறியுப்பு என்று பொய்க்கணக்குக் காட்டும். 95 வீதம் கறியுப்பு, 3 வீதம் மகனீசியம் குளோரைட்டு, மிச்சம் ஈரம் என்றிருக்கும் கசப்பு உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நியமித்தால் 98.7 என்று விடை வரும். 95 உப்பு 98.7 ஆகத் தேறிவிட்டது! கசப்பைக் கழித்து 98 க்குக் கொண்டுவந்த நேர்மையான உப்பளக்காரர் இதற்குப் பின்னால் நிற்பார். எனவே யாராவது "லாப்பில் செக் பண்ணினோம், 99 வீதம்" என்றால், முதலில் கேட்க வேண்டியது எதை நியமித்தீர்கள் என்பதுதான்.

இந்தப் பொறியை அடைத்தது மிகவும் பிந்தி. சூரிச்சில் கெரோல்ட் சுவார்சென்பாக் 1940களின் நடுவில் ஈ.டீ.டீ.ஏ. என்ற சேர்வையைக் கொண்டு கல்சியத்தையும் மகனீசியத்தையும் நேரடியாக நியமிக்கும் வழியைக் கொண்டுவந்தார். வைன்சிவப்பு நீலமாகும் அந்த நிறமாற்றம் நியமிப்புகளிலேயே அழகானது என்பது எங்கள் எண்ணம். இன்று தரமான ஆய்வுகூடம் உப்பின் ஈரம், கரையாத மண், கல்சியம், மகனீசியம், சல்பேற்று எல்லாவற்றையும் தனித்தனியே அளந்துவிட்டுத்தான் சோடியங்குளோரைட்டு இவ்வளவு என்று கணக்குப் போடும். ஒரே எண்ணை நம்பாது.

இது ஆய்வுகூடத்துக்குள் முடியும் சங்கதியும் அல்ல. மீனவக் குடும்பங்களுக்குத் தெரியும், எல்லா உப்பும் கருவாட்டுக்கு ஒன்றல்ல. கல்சியமும் மகனீசியமும் கூடிய உப்பு மீனின் தசையை வெளுப்பாக்கி விறைக்கச் செய்யும், உப்பு உள்ளே ஊறுவதையும் தாமதமாக்கும். வெளியே பார்த்தால் அழகான வெள்ளைக் கருவாடு, நடுமுள்ளோடு நாற்றம்.

சரி, சாப்பாட்டு உப்புக்கு வருவோம். குரல்பதிவில் 'கெமிக்கல்' என்று சொல்லப்படுவது பொற்றாசியம் அயடேற்று. அயடீனுக்காகச் சேர்க்கப்படுவது. அயடீனும் சாம்பலிலிருந்து பிறந்ததுதான். 1811 இல் வெடியுப்புக் காய்ச்சிய பெர்னாட் கூட்துவா கடற்பாசிச் சாம்பலில் அமிலத்தைக் கூடுதலாக விட்டபோது ஊதா நிற ஆவி எழுந்தது. அயடீன் குறைந்தால் கழுத்தில் கழலை வரும். அது கண்ணுக்குத் தெரிவது. கண்ணுக்குத் தெரியாதது அதைவிடப் பெரிது. கர்ப்பிணித் தாய்க்கு அயடீன் போதாவிட்டால் கருவிலுள்ள பிள்ளையின் மூளை வளர்ச்சி குறையும், பிறகு எத்தனை ரியூஷன் போட்டாலும் அது திரும்பாது. ஆசிரியர்களாக எங்களை இந்த உப்புக்குள் இழுத்தது இதுதான்.

"நாங்க கடற்கரை ஆக்கள், மீன் திங்கிறோம், நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு தரவு. 1986, 87 இல் இலங்கையின் 17 மாவட்டங்களில் 59,158 பாடசாலைப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். 18.8 வீதத்தினருக்குக் கழலை. மிகக் கூடிய மாவட்டம் எது தெரியுமா? களுத்துறை, 30.2 வீதம். கடலோர மாவட்டம். மிகக் குறைந்தது மலைப்பக்கத்து மாத்தளை, 6.5 வீதம்.

கடல் உப்பிலேயே அயடீன் இருக்கிறதே என்பதும் கணக்கில் நிற்காது. ஒரு லீற்றர் கடல்நீரில் அயடீன் 0.06 மில்லிகிராம் அளவு. அதில் ஒரு துளிகூட வீணாகாமல் 35 கிராம் உப்போடு வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம். வேண்டியது குறைந்தது 15.

1995 இல் இலங்கையில் மனிதர் உண்ணும் உப்பு அயடீன் சேர்த்ததாகவே விற்கப்பட வேண்டும் என்ற ஒழுங்குவிதி வந்தது. ஆரம்பத்தில் உற்பத்தி இடத்தில் கிலோவுக்கு 50 மில்லிகிராம், கடையில் 25 என்றிருந்தது. 2005 இல் 15 முதல் 30 என்று திருத்தினார்கள். அடுத்த ஆண்டுகளில் பிள்ளைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. நம்மில் பலர் இதைக் கவனிக்கவே இல்லை, ஏனென்றால் வராத நோய்க்கு யாரும் செய்தி போடுவதில்லை.

30 மில்லிகிராம் என்பது எவ்வளவு? ஏறத்தாழ ஓர் அரிசி மணியின் எடை, ஒரு கிலோ உப்புக்குள். வீதமாகச் சொன்னால் 0.003. மோர் முறையில் ஒரு துளி என்பதே 0.3 வீதம். அதாவது உப்புத் தூய்மைச் சோதனை காணக்கூடிய ஆகச் சிறிய துளியின் நூறில் ஒரு பங்குதான் அயடீன். 99 வீதம் தூய உப்பில் அயடீன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த எண் அதைப் பற்றி எதுவும் சொல்லாது. சண்டையில் இரண்டு பக்கமும் தவறவிட்ட இடம் இதுதான். கல்லுப்பை நன்றாக வடித்தெடுத்தால் சோடியங்குளோரைட்டு அளவில் அது பக்கற்று உப்புக்குப் பின்னால் நிற்கத் தேவையில்லை. நம் உப்பளத் தொழிலாளரின் கைக்கு அந்த மரியாதை உரியது. ஆனால் அயடேற்றுச் சேர்க்காத வரை, பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டுக்கு அது போதாது.

அயடீனுக்குத் தனி நியமிப்பு. 1853 இல் சுவார்ட்ஸ் என்ற வேதியியலாளர் சோடியம் தயோசல்பேற்றைக் கொண்டு அயடீனை அளக்கும் வழியைத் தந்தார். மாப்பொருள் அயடீனுடன் நீலமாகும் என்பது 1814 இலேயே தெரிந்திருந்தது. 10 கிராம் உப்பைக் கரைத்து, சிறிது அமிலமும் பொற்றாசியம் அயடைட்டும் சேர்த்துப் பத்து நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். அயடேற்று தன்னிடமுள்ள ஓர் அயடீன் அணுவோடு அயடைட்டிலிருந்து இன்னும் ஐந்தை விடுவிக்கும். ஒன்று ஆறாகிறது. அந்தப் பெருக்கம் இருப்பதால்தான் இவ்வளவு சிறிய அளவைப் பாடசாலை அளவியால் பிடிக்க முடிகிறது. மஞ்சள் வெளிறும்வரை தயோசல்பேற்றை விட்டு, பிறகு மாப்பொருள் சேர்த்து, நீலம் மறையும்போது நிறுத்த வேண்டும். கரைசல் லீற்றருக்கு 0.005 மூல் என்றால் 1.4 மில்லிலீற்றர் செலவானால் உப்பில் 15 மில்லிகிராம், 2.8 செலவானால் 30. துளி விட்டால் நீலமாகும் சோதனைப் போத்தல்கள் அயடீன் உண்டா இல்லையா என்று சொல்லும், எவ்வளவு என்று நம்பிச் சொல்லாது.

2025 மே மாதம் உப்புத் தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து உப்பு வரும்வரை கடைகளில் பக்கற்று இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். அப்போது ஐஸ் போடவும் கருவாடு போடவும் வைத்திருந்த உப்பு பல அடுப்படிகளுக்குள் வந்தது. தட்டுப்பாடு தீர்ந்தது, சில வீடுகளில் அந்தப் பழக்கம் தீரவில்லை. அதோடு உம்மாமார் கல்லுப்பைக் கழுவித்தான் பானையில் போடுவார்கள். அயடேற்று பளிங்கின் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கிறது. ஒரு அலசலில் அதிகம் போய்விடும். மண் இருந்தால் உப்பைக் கரைத்துத் தெளியவைத்து அந்த நீரை அப்படியே கறிக்கு விடுங்கள், கழுவிய தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த சிரட்டையில் வைக்காமல் மூடியுள்ள போத்தலில் வையுங்கள்.

எங்கள் ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று இப்போது இல்லை, அதன் விலையும் கைக்கு எட்டவில்லை. தயோசல்பேற்றும் அயடைட்டும் மாப்பொருளும் இருக்கின்றன, உயர்தரப் பிள்ளைகளுக்கு நியமிப்புப் பழகவும் வேண்டும். எனவே விரும்பும் குடும்பங்கள் மூன்று மேசைக்கரண்டி உப்பை ஒரு சிறிய உலர்ந்த பையில் கட்டிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். பெயர் எழுத வேண்டாம். பக்கற்றா கல்லுப்பா, எந்த மாதம் வாங்கியது, கழுவியதா கழுவாததா, எதில் வைத்திருந்தது என்று மட்டும் ஒரு துண்டில் எழுதினால் போதும். ஒவ்வொன்றையும் மூன்று தரம் நியமித்து, வாசிப்புகளை இங்கேயே போடுவோம். களப்பு உப்பு வைத்திருப்பவர்களும் தாருங்கள், ஒப்பிட அது அவசியம். உப்பு ஈரமாக இருந்தால் அப்படியே அனுப்புங்கள், வெயிலில் காயவைக்க வேண்டாம்.